குருவினிடம் ஒப்புவித்த தந்தையர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரி பாயும் நாட்டிலே, ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் ஊர்தோறும் பரவுவதற்கு முன்னர், தம் பிள்ளையைத் தமிழ் வித்துவானாகவோ சங்கீத வித்துவானாகவோ ஆக்க விரும்பிய ஒரு தகப்பனார், தக்க ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று பலரிடம் விசாரித்து அறிந்து, நல்ல நாள் பார்த்து, பிள்ளையைக் கையோடு அழைத்துச் சென்று, அவ்வாசிரியர் முன் நின்று, அவனை அவரிடம் ஒப்புவித்துவிட்டுத் தனியே ஊர் திரும்புவார். எழுதிக்கொண்ட பத்திரம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் என்ற வரையறையும் இல்லை. பதினாறு பதினேழு பிராயத்துப் பிள்ளை, அன்று முதல் மற்றொருவருடைய நிழலில் வாழத் தொடங்குவான். பெற்றோருடைய சொல்லுக்கு மாறாகப் பேசவும், வீட்டை விட்டு விலகி நிற்கவும் மனம் இயல்பாகவே நாடுகின்ற அந்தப் பருவத்தில், இவ்விதம் பிரித்து விடப்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் ஆயுள் முழுவதும் குன்றாத கிருதக்ஞதை உடையவர்களாக வளர்ந்தது எவ்வாறு என்பது, அவ்வழக்கத்தின் சரித்திரத்தைப் பார்க்கும் எவருக்கும் எழக்கூடிய கேள்வி.

இதற்கு விடை தேடப் பொதுவான சாஸ்திரங்களைப் புரட்டுவதைக் காட்டிலும் ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூர்ந்து பார்ப்பது நல்லது என்று கருதுகிறேன். அத்தகைய வரலாறு நமக்கு நல்வாய்ப்பாகக் கிடைத்திருக்கிறது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் எண்பத்தைந்தாம் பிராயத்தில் எழுதத் தொடங்கி, 1940 முதல் 1942 வரையில் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளியிட்டுவந்த 'என் சரித்திரம்', பழைய சுவடிகளை அச்சிட்ட ஒரு பேரறிஞருடைய வாழ்க்கையைச் சொல்லும் நூல் என்றே பெரும்பாலும் போற்றப்படுகிறது. ஆயினும் அதன் முற்பகுதி, ஒரு தகப்பனார் தம் மகனுக்காக எத்தனை ஊர் அலைந்தார், எத்தனை பேரிடம் கைகட்டி நின்றார், எத்தனை ஆசைகளை விட்டுக்கொடுத்தார் என்பதன் வரலாறே ஆகும். அறுபது எழுபது வருஷங்களுக்கு முன் தாம் உண்ட சோற்றையும், அதை இட்டவருடைய பெயரையும் ஊரையும் மறவாமல் எழுதிய அந்த முதியவருடைய மனம் எங்கே உருவாயிற்று என்பதை அப்பகுதி தெளிவாகக் காட்டுகிறது.

அது திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உருவாகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலும் நன்றிக்குரிய சடங்குகளுக்குக் குறைவு இருந்ததில்லை. வாவு நாட்களில் பிள்ளைகள் உபாத்தியாயருக்கு வாவுக்காசு கொடுக்க வேண்டும். நவராத்திரியில் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாடி, கிடைத்த பொருளை அவர் கையில் சேர்க்க வேண்டும். விஜயதசமியில் ஏடு தொடங்கும் பிள்ளையின் வீட்டிலிருந்து அவருக்கு மரியாதைகள் செல்லும். இவற்றோடு கூடவே பிரம்பும், கயிற்றிலே தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. விடியற்காலையில் முதலில் வந்து சேர்ந்தவனுக்கு வேத்தான் என்று பெயர். அவன் அடிக்குத் தப்புவான். பின்னால் வந்தவர்கள் வந்த வரிசைப்படி அடி வாங்கிக்கொள்வார்கள். எழுத்தும் எண்ணும் அங்கே நன்றாகப் பதிந்தன என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அப்பள்ளிக்கூடங்களில் படித்துப் பெரியவர்களானவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்வது பெரும்பாலும் பிரம்பைத்தான். சடங்காகக் கொடுக்கும் காசு நெஞ்சில் நன்றியை விதைப்பதில்லை என்பதற்கு அத்திண்ணைகளே போதிய சான்று.

சாமிநாதையருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் பாபநாசத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். சங்கீதமே அவருடைய ஜீவனம். உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானும் தம் உறவினருமான கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து, அவருக்கு வேண்டிய பணிவிடைகளை எல்லாம் செய்து, கனமார்க்கத்துச் சங்கீதத்தில் பயிற்சி பெற்றவர். அந்தக் குருவினுடைய கீர்த்தனங்களைப் பாடும்போதும் அவரைப் பற்றிப் பேசும்போதும் வேங்கடசுப்பையருக்கு இருந்த பக்தியைப் பார்த்தே மகன் வளர்ந்தான். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு நன்றியறிவு வேண்டும் என்று விரும்பும் பெற்றோர்கள் பெரும்பாலும் தங்களுக்குச் செலுத்தப்பட வேண்டிய நன்றியையே நினைத்துப் பேசுகிறார்கள். வேங்கடசுப்பையரிடம் அந்த வழக்கம் காணப்படவில்லை. தாம் பிறருக்குக் கடமைப்பட்டவர் என்பதை மகன் அறியும்படி அவர் வாழ்ந்தார். தந்தை தலைவணங்கிய இடங்களை எல்லாம் கண்ட பிள்ளைக்கு, வணங்குதல் இழிவு என்ற எண்ணம் தோன்றவே இல்லை.

ஓர் ஊரில் நிலையாக இருந்து வாழும் வசதி அக்குடும்பத்திற்கு இல்லை. அருணாசலக் கவிராயருடைய இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிப் பொருள் சொல்லிக் காலட்சேபம் செய்து, கேட்டவர்கள் அன்போடு அளிக்கும் சம்பாவனையைக் கொண்டு வேங்கடசுப்பையர் குடும்பத்தை நடத்தினார். கதை ஓர் ஊரில் முடிந்தால் அடுத்த ஊர். இந்த நாடோடி வாழ்வு அவருக்குத் தொழிலால் நேர்ந்தது. ஆனால் மகனுக்குத் தமிழில் ஆசை மிகுந்த பின்பு, எந்த ஊரில் தங்குவது என்பதைத் தீர்மானிக்கும்போது, அங்கே கதைக்கு ஆதரவு உண்டா என்பதோடு, அங்கே தமிழ் சொல்லிக்கொடுப்பார் உண்டா என்பதையும் அவர் பார்க்கலானார். அரியிலூரில் சடகோபையங்கார் என்ற வித்துவான் தமிழின் சுவையை முதலில் அந்த இளைஞனுக்குக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணம் கேட்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் சொன்னார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைப் பாடம் சொல்லி, செய்யுள் இயற்றும் வழியைக் கற்பித்தார். ஓர் ஆசிரியரிடம் கற்கக்கூடியது தீர்ந்ததும் அடுத்தவரைத் தேடிக் குடும்பமே புறப்பட்டது. இன்று பெரம்பலூர், அரியலூர் என்று பெயர் வழங்கும் அந்த மானாவாரிச் சீமையில், பாத்திரம் பண்டங்களோடும் பூஜைப் பெட்டியோடும் ஒரு குடும்பம் ஒரு பையனுடைய பாடத்துக்காக ஊர் மாறிக்கொண்டிருந்ததை நினைத்துப் பார்க்கையில் எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களையும் மறக்கக் கூடாது. அவர்கள் பெரிய பிரபுக்கள் அல்லர். பெரும்பாலோர் கம்பும் வரகும் விளையும் நிலத்தை உழுது வாழ்ந்த குடியானவர்கள். வந்து தங்கிய சங்கீத வித்துவானுடைய குடும்பத்திற்குக் குடியிருக்க வீடு கொடுத்து, தானியம் அனுப்பி, காய்கறி அனுப்பி, பையனுடைய படிப்பைத் தங்கள் காரியமாக எண்ணி அவர்கள் விசாரித்தார்கள். வீட்டுக்கு வரும் அரிசி யாருடைய களத்திலிருந்து வந்தது என்பது பையனுக்குத் தெரியும். பெற்றோர் அதை மறைக்கவில்லை. கஷ்டத்தைப் பிள்ளைகள் அறியாமல் வளர்க்க வேண்டும் என்பது பெரிய அன்பாகத் தோன்றலாம். ஆனால் தான் உண்பது எங்கிருந்து வருகிறது என்று அறியாத பிள்ளை, யாருக்கு நன்றி செலுத்த முடியும்? வேங்கடசுப்பையருடைய இல்லத்தில் வறுமை வெட்கத்துக்குரியதாக ஒளிக்கப்படவும் இல்லை. பிள்ளையின் மேல் குற்றமாகச் சுமத்தப்படவும் இல்லை. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை எளிதில் வாய்ப்பதன்று.

தந்தைக்கும் மகனுக்கும் விருப்பத்தில் வேற்றுமையே இல்லாமல் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. தம்முடைய சங்கீத வித்தை மகனிடம் தங்க வேண்டும் என்பதே தந்தையின் ஆசை. சங்கீதத்திற்குத் தெலுங்கும் வடமொழியும் துணையாகும் என்று கருதி அவற்றைக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். உறவினர்களோ, தமிழ் படித்து என்ன லாபம், ஜீவனத்துக்கு உதவுகிற வேறு எதையாவது படிக்கக் கூடாதா என்று ஓயாமல் சொல்லிவந்தார்கள். அவர்கள் சொன்னதில் உலக நியாயம் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் தமிழ்ப் புலவருடைய வாழ்வு மடங்களையும் ஜமீன்தார்களையும் எதிர்பார்த்து நிற்கும் வாழ்வாகவே இருந்தது. பையனுடைய மனமோ தமிழைத் தவிர வேறு எதிலும் ஒட்டவில்லை. இந்நிலையில் தகப்பனார் அதட்டி அடக்கியிருந்தால் அக்காலத்து உலகம் அவரைக் குறை சொல்லியிராது. அதிகாரம் முழுவதும் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. தம் ஆசையைப் பின்னால் வைத்துவிட்டு, மகனுடைய ஆசைக்கு வழி தேடலானார். அவர் பட்ட சிரமங்களைக் காட்டிலும் இந்த விட்டுக்கொடுத்தலே மகனுடைய நன்றிக்கு ஆழமான வேராக இருந்தது என்று நான் நினைக்கிறேன். தன் இஷ்டத்துக்கு விரோதமாகத் தனக்காகச் செய்யப்படும் தியாகம், இளைஞனுக்குப் பாரமாகத்தான் தோன்றும். தன் உள்ளத்தை அறிந்து அதற்கு இசைந்து செய்யப்படும் உதவியோ அவனைப் பெற்றோருக்கு உரியவனாக்கிவிடுகிறது.

காரிகை முடிந்த பிறகு, இனிமேல் கற்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே செல்ல வேண்டும் என்ற எண்ணத்தை விருத்தாசல ரெட்டியார் வலியுறுத்தினார். தம்மிடம் உள்ளது இவ்வளவுதான் என்று மனமாரச் சொல்லி, தமக்கு மேற்பட்டவரிடம் மாணாக்கனை அனுப்பும் ஆசிரியர்கள் வாய்த்ததும் அந்த வழக்கத்தின் சிறப்புக்களில் ஒன்று. பிள்ளையவர்கள் அப்போது மாயூரத்தில் இருந்தார்கள். 1871-ஆம் வருஷம், பிரஜோத்பத்தி ஆண்டு சித்திரை மாதத்தில், தந்தையும் மகனும் மாயூரம் சென்று சேர்ந்தார்கள். மகனுக்கு அப்போது பதினேழாம் பிராயம், விவாகமும் ஆகியிருந்தது.

பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. பாடம் கேட்க ஆவலோடு வந்து, சில நாளிலேயே விட்டுப் போனவர்கள் பலரை அவர் கண்டவர். நைடதத்திலிருந்து பாட்டுச் சொல்லச் செய்து பையனைச் சோதித்துப் பார்த்தார். அப்பால் எழுந்தது ஆகாரப் பிரச்சினை. ஆசாரம் காரணமாக, பிராமணப் பிள்ளை அவருடைய வீட்டில் உண்ண இயலாது. திருவாவடுதுறையிலோ பட்டீச்சுரத்திலோ இருக்கும் காலங்களில் தாமே ஏற்பாடு செய்யக்கூடும் என்றும், மாயூரத்தில் தமக்கு அந்த வசதி இல்லை என்றும் அவர் ஒளிவின்றிச் சொன்னார். அடுத்த மாதத்துக்கு எங்கிருந்து வரும் என்று தமக்கே தெரியாத நிலையில் இருந்த வேங்கடசுப்பையர், மாயூரத்தில் இருக்கும் வரையில் மகனுடைய சாப்பாட்டுச் செலவைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டார். அதுவரையில் ஒருநாளும் பெற்றோரைப் பிரிந்திராத மகனை விட்டு அவர் ஊருக்குப் புறப்பட்ட செய்தியைப் படிக்கும்போது, இந்த ஒப்புவித்தல் என்னும் செயல் தந்தையிடமிருந்து எவ்வளவு பெரிய விலையைக் கேட்டது என்பது புலனாகிறது. ஒரே பிள்ளையைப் போலக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவனை, தம்மைக் காட்டிலும் வேறொருவரைப் பெரியவராக எண்ணும்படி விட்டுவிட்டு வருவது எல்லாத் தகப்பனாருக்கும் இயல்வதன்று.

மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் தம் முதற்கல்வியைத் தந்தையாரிடமே பெற்றவர். திரிசிரபுரத்தை அடுத்த ஊர்களில் பள்ளிக்கூடம் நடத்திவந்த அத்தந்தையார் சிதம்பரம் பிள்ளை, மகனுக்குத் தாமே இலக்கண இலக்கியங்களைக் கற்பித்து, அவன் இளைஞனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தந்தையின் கையால் ஊட்டப்பெற்ற கல்வியைப் பாதியில் இழந்த அந்தப் பிள்ளை, பின்னர் தம்மிடம் வந்தவர்களுக்கெல்லாம் தந்தையின் இடத்தில் நின்றார். சாதி சமயம் என்ற வேற்றுமை அவருடைய பாடத்தில் இல்லை. கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை நிழல்போல அவருடன் இருந்தார். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் அவரிடம் பாடம் கேட்டவர். மாணாக்கர்களுடைய சம்பளத்தில் அவர் வாழவில்லை. தாமே கடன்பட்டு அவர்களைக் காப்பாற்றினார். பெற்றோரிடம் கிடைத்த வாத்ஸல்யத்தை இந்த ஆசிரியரிடமும் கண்ட இளைஞனுக்கு, முதலாவது அன்பு இரண்டாவது அன்பை அடையாளம் கண்டுகொள்ளும் சக்தியை அளித்திருந்தது. வீட்டிலே அன்பைப் பெறாதவன் வெளியிலே கிடைக்கும் அன்பைச் சந்தேகிப்பான் என்பது என் அநுபவத்தில் பலரிடம் கண்டது. சாமிநாதையரிடத்தில் அந்தச் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

மாயூரத்தில் அப்போது 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். வேங்கடசுப்பையருக்கு அவர் பழக்கமானவர். தமிழோடு சங்கீதமும் தொடர்ந்து நடக்கட்டும் என்ற தந்தையின் விருப்பப்படி, மகன் அவரிடம் சென்று கற்றுவந்தான். பிள்ளையவர்களுக்கோ, இலக்கியம் பயிலும் மாணாக்கன் சங்கீதத்தில் மனத்தைச் செலுத்துவதில் விருப்பமில்லை. அது தெரியவந்ததும் அந்தப் பயிற்சி நின்றுவிட்டது. தந்தை ஒன்றை விரும்ப, குரு வேறொன்றை விரும்ப, நடுவே நின்ற பதினேழு பிராயத்துப் பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். குலவித்தையாகத் தந்தை போற்றிவந்த சங்கீதம் மகனுக்குத் தொழிலாக அமையவில்லை.

பிறகு வந்த சில வருஷங்கள் துன்பம் மிகுந்தவை. திருவாவடுதுறையில் இருந்தபோது சாமிநாதையருக்கு அம்மை கண்டது. தாய்வழிப் பாட்டனார் வாழ்ந்த சூரியமூலைக்கு அவரைக் கொண்டுசென்றார்கள். ஒருபுறம் பெற்றோரும் மற்றொருபுறம் ஆசிரியரும் கவலையில் மூழ்கினார்கள். உடம்பு தேறிய பிறகும் வீட்டு நிலை தேறவில்லை. குடும்பத்துக்குக் கடன் இருந்தது. அப்போது அந்த இளைஞர், பாடத்தைச் சில காலம் நிறுத்திவிட்டு, தந்தையாரோடு பழைய ஊர்ப் பக்கமே சென்று, காரை என்னும் ஊரில் கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலியவர்களுடைய ஆதரவில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து, பொருள் பெற்றுக் கடன் சுமை குறைய உதவினார்.

இந்த நிகழ்ச்சி நூலில் பெரிய இடம் பெறுவது அன்று. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இதுவே நடுநாயகம். சிறுவனாக இருந்தபோது தந்தை கதை சொல்ல, கிடைத்த சம்பாவனையில் உண்டு வளர்ந்தவன், இருபது பிராயம் எய்துவதற்குள் தானே சபையில் அமர்ந்து கதை சொல்லி, அந்தச் சம்பாவனையைத் தந்தையின் கையில் கொடுக்கிறான். அதுவும் முன்பு தங்களை ஆதரித்த அதே சீமையில். உபகாரம் பெறுகிறவனாக மட்டும் நெடுங்காலம் வைக்கப்படும் பிள்ளைக்கு நன்றியுணர்ச்சி மெல்ல மெல்ல மங்கிப்போவதுண்டு. வாங்கியே பழகிய கைக்கு வாங்குவது உரிமையாகத் தோன்றிவிடும். தக்க சமயத்தில் வீட்டுப் பாரத்தின் ஒரு பகுதியை அவன் தோளில் ஏற்றி, அவனால் அதைச் சுமக்க முடியும் என்று நம்புகிற பெற்றோரிடமே பிள்ளையின் அன்பு முதிர்ச்சி பெறுகிறது. வேங்கடசுப்பையர் மகனை நம்பினார். மகனும் கடன் நீங்கும் வழி பிறந்ததும், சம்பாதிக்கத் தெரிந்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடாமல், குருவிடம் திரும்பினார். அப்படித் திரும்பும்படி விட்டதும் தந்தையின் பெருமையே.

1876-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி பிள்ளையவர்கள் காலமானார்கள். சவேரிநாத பிள்ளை தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசிக்க, அவ்வுயிர் பிரிந்தது. இருபத்தொரு பிராயம் நிரம்பாத மாணாக்கரைத் திருவாவடுதுறை ஆதீனகர்த்தராகிய சுப்பிரமணிய தேசிகர் கைவிடவில்லை. அங்கே வீடு அமைத்துக் கொடுத்தார். ஊர் ஊராக மகனை அழைத்துக்கொண்டு அலைந்த பெற்றோர்கள், மகனுடைய கல்வியால் கிடைத்த வீட்டில் வந்து தங்கினார்கள். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் தம் வேலையிலிருந்து விலகியபோது, தம் ஆசிரியராகிய பிள்ளையவர்களிடம் தமக்கிருந்த நன்றியை, அவருடைய இளைய மாணாக்கருக்கு அந்த ஸ்தானத்தைத் தேடித் தருவதன் மூலம் தீர்த்துக்கொண்டார். மாதம் ஐம்பது ரூபாய் சம்பளம். தமிழ் படித்து என்ன லாபம் என்று கேட்ட உறவினர்களுக்கு அதுவே போதிய விடையாக இருந்தது.

இவ்வழக்கத்தைப் புகழும்போது அதன் குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒப்புவிக்கப்பட்டவர்கள் ஆண்பிள்ளைகளே. எத்தனையோ வீடுகளில் கூர்மையான அறிவு படைத்த பெண்குழந்தைகள் இருந்திருப்பார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு எந்தத் தகப்பனாரும் மாயூரத்துக்கு நடக்கவில்லை. நாட்டில் பெரும்பகுதியினராகிய ஏழை உழைப்பாளிகளுக்கும், தீண்டாமை என்னும் கொடுமைக்கு ஆளாகியிருந்தவர்களுக்கும் அந்த வாயில்கள் திறந்திருக்கவில்லை. தாய்மார்களுடைய பங்கும் நூல்களில் சுருக்கமாகவே பேசப்படுகிறது. சாமிநாதையருடைய தாயார் சரசுவதியம்மாள் ஒவ்வோர் ஊரிலும் புதிய அடுப்பு மூட்டி, கிடைத்ததைக் கொண்டு சமைத்து, கணவரும் மகனும் வெளியூரில் இருந்த நாட்களில் தனித்திருந்து பட்ட சிரமங்களுக்கு, வேங்கடசுப்பையருடைய சிரமங்களுக்குக் கிடைத்த அளவு இடம் சரித்திரத்தில் கிடைக்கவில்லை. மேலும், எல்லா ஆசிரியரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அல்லர். மாணாக்கர்களை வேலைக்காரர்களாக நடத்தியவர்களும் உண்டு. எல்லாத் தந்தையரும் வேங்கடசுப்பையர் அல்லர். தங்கள் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளைகளின் தலையில் கட்டி, அதையே தியாகம் என்று சொல்லிக் காட்டியவர்களும் உண்டு. அத்தகைய வீடுகளில் வளர்ந்தவர்கள் சரித்திரம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது வேறு விதமாக இருந்திருக்கும்.

காலமும் மாறிவிட்டது. கும்பகோணத்தில் 1854-இல் சர்க்கார் பள்ளிக்கூடமாகத் தொடங்கிப் பின்பு காலேஜாக உயர்ந்தது போன்ற கலாசாலைகள் பெருகிய பிறகு, கல்வி மணிக்கணக்குக்கும் பரீட்சைக்கும் உட்பட்டது. ஆசிரியருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுத்தது. தகப்பனார் சம்பளப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்தார். இதனால் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு வழி திறந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்; சாமிநாதையருக்கே அக்கலாசாலைதான் நிலையான வாழ்வு அளித்தது. ஆயினும் தகப்பனாரும் பிள்ளையும் ஒன்றாக நடந்து, ஒன்றாகக் காத்திருந்து, ஒன்றாக ஏமாற்றமும் அடைந்து, பின் ஒருநாள் ஒன்றாக மகிழ்ந்த அந்தப் பிரயாணம் இல்லாமற் போயிற்று. தந்தை தனக்காகச் செய்வதைப் பிள்ளை கண்ணால் காணும் சந்தர்ப்பம் குறைந்தது. பணம் கட்டிய ரசீது அந்த இடத்தை நிரப்பவில்லை.

சாமிநாதையர் தம் கடன்களைத் தீர்க்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டார். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முதல் ஓயாத பதிப்புப் பணிகளுக்கு இடையே அந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். ஆசிரியர் மறைந்து 57 வருஷங்களுக்குப் பின், 1933, 1934-ஆம் ஆண்டுகளில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அதன் பின் எண்பது பிராயம் கடந்த நிலையில் அவர் எழுதியவற்றுள் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூன்று சங்கீத வித்துவான்களின் வரலாறுகள் அடங்கும். முதலாமவர் தந்தையின் குரு. இரண்டாமவர் தந்தையின் விருப்பத்துக்காகத் தாம் சென்று பயின்று, குருவின் விருப்பத்துக்காக விட்டு விலகிய ஆசிரியர். மாயூரத்தில் நின்றுபோன சங்கீதத்துக்காக அந்த மகன் தந்தைக்குச் செலுத்திய காணிக்கையாகவே நான் இந்நூல்களைப் படிக்கிறேன்.

தம் சரித்திரத்தை அவர் முடிக்கவில்லை. 122 அத்தியாயங்கள் வரையில் எழுதி, 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் காலமானார். பத்திரிகையில் வெளிவந்த அந்த அத்தியாயங்களைத் தொகுத்து, 1950-இல் புத்தகமாக வெளியிட்டவர் அவருடைய குமாரர் கலியாணசுந்தரையர்.